ஓடச் சொன்னாரா, காட்டச் சொன்னாரா?

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்தவள். ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு கொட்டேஷனைப் பற்றி மேலாளர் 'ரன் இட் பை மீ' என்றார். அவசரம் போல என்று ஓடிப்போய் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். அவரிடம் காட்டவே இல்லை. எல்லோர் முன்னாலும் திட்டு. கூட இருப்பவர்கள் ஒரு வாரமாக ஓட்டுகிறார்கள். இந்த ரன்னுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: 645. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, வினைச்சொல்லாக வரும் 'ரன்'னுக்கு மட்டும் காட்டும் கணக்கு இது. அந்தப் பகுதியைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அவருக்கே ஒரு பிரசவ காலம் ஆகியிருக்கிறது; உங்களுக்கு மூன்று மாதம்தானே ஆகிறது!

உங்கள் கடிதத்தையே பாருங்கள். 'ஓடிப்போய்' மெயில் அனுப்பினேன் என்கிறீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டீர்கள். தறி ஓடுகிறது, சீரியல் ஓடுகிறது, கடன் வாங்கியாவது மாதம் ஓடுகிறது. இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. தானாக நடந்தால் ஓடுகிறது என்போம், நாம் நடத்தினால் ஓட்டுகிறோம் என்போம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ரன்தான். மோட்டார் ஓடினாலும் ரன், ஒருவர் கம்பெனியை ஓட்டினாலும் ரன். அதற்காகக் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். காரை ஓட்டினால் டிரைவ். தேர்தலென்றால் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார். பிரிட்டனில் நம்மூர் மாதிரியே 'ஸ்டாண்ட்', அதாவது நிற்கிறார்.

உங்கள் காலை வாரியது ரன் இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த 'பை'. இந்த வால்களைத்தான் கவனிக்க வேண்டும். 'ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றால் பேப்பர் தீர்ந்துவிட்டது. 'ரன் த்ரூ' என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது. 'ரன் இன்டு' நண்பரோடு வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவரோடு வந்தால் மோதுவது! உங்கள் மேலாளர் சொன்னது, 'என் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு அப்புறம் செய்' என்பதுதான்.

645ஐயும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரு சின்ன நோட்டு போடுங்கள். சொல்லை மட்டும் எழுதி எதிரே அர்த்தம் எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம், இங்கே உதவாது. மெயிலில் வந்த முழு வரியையும் எழுதி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கீழே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் பக்கத்துக்குத்தான் விஷயம் தயாராக இருக்கிறதே.

மறுபடி சந்தேகம் வந்தால், "சார், அனுப்பிடவா, இல்ல உங்ககிட்ட காட்டிட்டு அனுப்பவா?" என்று கேட்டுவிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம். அப்புறம், உங்களை ஓட்டுகிறார்களே, அந்த 'ஓட்டு'க்கு ரன் வராது. ஆங்கிலத்தில் அது காலைப் பிடித்து இழுப்பது: 'புல்லிங் யுவர் லெக்'.