வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பேச்சுதான்: ஓட்டுப் போட்டு என்ன பயன்? கடலூர் மாவட்டத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதுவதற்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

என் ஒரு ஓட்டால் என்ன மாறிவிடும்? (கடலூர் முதுநகர்)

நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலின் வெற்றி தோல்வி வெறும் 87 ஓட்டு. ஒரு தெருக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால் போதும்.

நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் உண்டா? (நெய்வேலி)

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் இல்லை. வேட்பாளர்களில் யாருக்கு அதிகமோ அவரே வென்றவர். 2013 முதல் இப்படித்தான். இதே கேள்விக்கு முன்பும் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே சின்னத்தில் விழுகிறதாமே? எல்லோரும் சொல்கிறார்கள். (பண்ருட்டி)

எந்தச் சாவடி, எந்த நேரம், பார்த்தவர் யார்? ஒன்றுமே எழுதாமல் "எல்லோரும் சொல்கிறார்கள்" என்றால் நான் என்ன பதில் சொல்வது? பொத்தானை அழுத்தியதும், நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி நிற்கிறது. அதில் வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே நின்று தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்துவிட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கட்சி முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போட வைப்பார். விதியே இருக்கிறது. வெளியே வந்து டீக்கடையில் சொன்னால் கணக்கில் வராது. எழுத்தில் கொடுங்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி, 17சி படிவத்தின் நகலை முகவர்களுக்குத் தருகிறோம். எண்ணும் நாளில் எந்திரத்தின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்க அந்தத் தாள்தான் ஆதாரம். ஒரு தொடக்கப் பள்ளிச் சாவடியில், இரவு ஏழு மணி வாக்கில், அரக்கு வாசனை போகாத அறையில் ஐந்து நகல்களை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாங்கிச் சென்றவர்கள் இரண்டே பேர். மற்ற மூவர் முன்னமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் எந்திரத்தின் மீது குற்றம் சொன்னதில் அவர்களின் கட்சிகளும் உண்டு.

பணத்தை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டால் தவறா? (திருப்பாதிரிப்புலியூர்)

தவறு. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணம் புரண்டதால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தலே ரத்தானது. பணம் வாங்காதவரும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனக்கு முப்பது வயது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போகிறோம். எங்கள் ஊரில் கவுன்சிலர் ஏன் இல்லை? (பாகூர்)

இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்.

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, அடுத்தது 2006-இல். இடையில் 38 ஆண்டு. 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து (கிராமப் பகுதிகளுக்கான உள்ளாட்சி அமைப்பு), எல்லாவற்றையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993 முதல் அரசியல் சட்டம் சொல்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் நடத்தச் சொன்னது. 2021-இல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றது. ஆட்சிகள் மாறின. எந்தக் கட்சிக்கும் இதில் அவசரம் இல்லை. வார்டில் இன்னொருவர் வளர்வதை எந்த எம்.எல்.ஏ. விரும்புவார்?

சென்ற மழையில் புதுச்சேரியில் என் தங்கை வீட்டுத் தெரு வாய்க்கால் அடைத்து, கழிவுநீர் திண்ணை வரை ஏறியது. அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். "எங்கள் வார்டுக்குப் பொறுப்பு யார்?" என்று தங்கை கேட்டாள். அங்கிருந்த எவராலும் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. வாக்குரிமை இருந்தும் கேள்வி கேட்க ஆள் இல்லாத நிலை இதுதான். ஜனநாயகத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை ஏன் குறைகிறது என்று டெல்லியிலும் சென்னையிலும் காரணம் தேடுகிறோம். அந்த வாய்க்கால் ஓரத்தில் தேடினாலே கிடைக்கும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, பிரெஞ்சு ஆட்சி வேண்டாம், இந்தியாவோடு இணைவோம் என்று முடிவு செய்தவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். நகராட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு விடுதலைக்கு வழிவிட்ட மண்ணில் இன்று ஒரு நகராட்சி உறுப்பினர்கூட இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது: தெருவிளக்குப் புகாரை எம்.எல்.ஏ.விடம் வாயால் சொல்லாமல் கொம்யூன் ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். கடைசி வரியில் தேர்தல் எப்போது என்றும் கேளுங்கள். பாகூரிலிருந்து நூறு கடிதம் போகட்டும்.

நியமன எம்.எல்.ஏ.க்களுக்குச் சட்டமன்றத்தில் ஓட்டுரிமை உண்டா? (வில்லியனூர்)

உண்டு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் புதுச்சேரியில் 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையில் மத்திய அரசு நியமிக்கும் மூவர் சிறிய எண்ணிக்கை அல்ல. நெருக்கமான பலப்பரீட்சையில் ஆட்சியையே புரட்டிவிடும். சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு பத்து வருடம் தேர்தலே இல்லாமல் பலமான தலைவர் ஆண்டால் நாடு உருப்படாதா? (சிதம்பரம்)

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை 21 மாதம் நெருக்கடி நிலை இருந்தது. மக்களவைத் தேர்தல் தள்ளிப்போனது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது, 1976 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த நாளில் நீங்கள் அரசைக் குறைசொல்லி இப்படி எழுதியிருந்தால் அச்சாகியிருக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஊராட்சித் தலைவர் பதவி எங்கள் சமூகத்துப் பெண்ணுக்கு வந்தது. கூட்டத்தில் பேசுவது என்னவோ துணைத் தலைவர்தான். என்ன செய்வது? (புவனகிரி அருகில்)

உங்கள் பக்கத்துத் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-இல் வெளியான பிறகுதான் வழக்கும் கைதும் வந்தன. படம் வெளிவரும் வரை காத்திருக்காதீர்கள். கூட்டம் நடந்த தேதி, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துவையுங்கள். தலைவரே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

கிராம சபையில் நான் கேட்ட கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. (குறிஞ்சிப்பாடி)

கேள்வியாகக் கேட்டால் ஏறாது. தீர்மானமாக எழுதி, நாலு பேர் கையெழுத்தோடு கூட்டம் தொடங்கும்போதே கொடுங்கள். புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லி, கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.