அறுபது வருஷமா நிக்கிற படை

கேள்வி: சைப்ரஸ் தீவுல ஐ.நா. படை 60 வருஷத்துக்கு மேல நிக்குதாமே தம்பி, இன்னும் ஏன் தீரல?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: ஆச்சி, பேச்சு இல்லாத பங்காளிங்க ஒரே வளவுல ஆளுக்கொரு அறையப் பூட்டி வச்சிருக்கறத நீங்க பாத்திருப்பீங்க, நடுவுல ஒருத்தர் நின்னா கைகலப்பு நிக்கும், ஆனா பாகப்பிரிவினை பத்திரத்துல கையெழுத்து அவங்கதான போடணும். அங்க கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கிட்டதால 1964ல படை வந்துச்சு, 1974ல கிரீஸ் நாட்டு ராணுவ ஆட்சி தூண்டிவிட்டு தீவுல ஆட்சிக் கவிழ்ப்பு, உடனே துருக்கி ராணுவம் இறங்கிருச்சு, தீவு ரெண்டாச்சு, வடக்க துருக்கியர், தெற்க கிரேக்கர். நடுவுல 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. படை காவல் காக்கிற இடைநிலம். வடக்கு 1983ல தனி நாடுன்னு அறிவிச்சது, துருக்கி மட்டும்தான் ஏத்துக்கிச்சு.

எனக்கு ரொம்ப வலிக்கிறது 2004 தான். சேர்ந்து வாழ ஐ.நா. ஒரு திட்டம் போட்டு ரெண்டு பக்கமும் ஓட்டு வச்சாங்க, துருக்கியர்ல 65 சதவீதம் சரின்னாங்க, கிரேக்கர்ல 76 சதவீதம் வேண்டாம்னுட்டாங்க. சொத்து, துருக்கி ராணுவம், பயம் எல்லாந்தான். 2017ல சுவிட்சர்லாந்துல பேசுனதும் முறிஞ்சுபோச்சு.

அதுக்காகப் படை வீண்னு சொல்லிடாதீங்க ஆச்சி. நம்ம நாட்டு முன்னாள் ராணுவத் தளபதி ஜெனரல் திம்மையா அந்தப் படைக்குத் தலைமை தாங்கி 1965ல அங்கயேதான் உயிரை விட்டாரு. அந்த மோதல்கள்ல காணாமப்போனவங்க எலும்பை ரெண்டு தரப்பு ஆளுங்களும் இன்னிக்கும் ஒண்ணாச் சேர்ந்து தோண்டி எடுத்து, 1,000 பேருக்கு மேல அடையாளம் கண்டு வீட்டாள்ககிட்ட ஒப்படைச்சிருக்காங்க.