தண்ணீர் முழங்கால்தான் என்றார்கள்: வெளிக்களப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி, பிள்ளைகளைக் கண்மாய், பொட்டல், முற்றம் வைத்த பழைய வளவு வீடு என்று வெளியே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தும் சின்னப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை இவை. நான் ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அப்படி ஒரு பள்ளிக்கு வாரம் ஒரு நாள் போய்க் குறை சொல்லிவிட்டு வருகிறேன். அதற்குக் காபியும் தருகிறார்கள்.

பள்ளி நடத்துபவர், கானாடுகாத்தான் பக்கம்: சமையல், காவல் எல்லாம் சேர்த்து எங்களிடம் 11 பேர். இது ஆலை இல்லையே ஐயா, எங்களுக்கு எதுக்குத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம்?

ஆலைக்கு மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் பொதுவாக அதற்குள் வந்துவிடும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலையிடத்தில் ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை.

அதில் ஒரு வரியை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ அந்த இடத்துக்குள் இருக்கிற மற்றவர்களின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு. பிள்ளைகள் மட்டுமல்ல, பேரனைக் கூட்டிப்போக வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியும் உங்கள் கணக்குதான்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயும் 10 பேரில் தொடங்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம் கட்ட வேண்டும். ஆளை ஒன்பதாகக் குறைத்துவிட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் ஆள் எண்ணிக்கை பார்த்து ஆழமாவதில்லை.

அதே பள்ளியிலிருந்து: 'எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். போதாதா?

போதாது. கவனக்குறைவால் ஒரு உயிர் போனால் அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. அப்பா போட்ட கையெழுத்து அதைத் தடுக்காது. தாளைக் கிழித்துப்போட வேண்டாம், பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வீசிங் உண்டா, வலிப்பு உண்டா, குளவி கொட்டி முன்னால் மயங்கியது உண்டா, நீச்சல் தெரியுமா, ராத்திரி எடுக்கிற மாதிரி ஒரு போன் நம்பர். முன்பக்கத்தைவிட இது பத்து மடங்கு உதவும்.

பயிற்றுநர், 23 வயது, தேவகோட்டை: போன மாசம் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனோம். தண்ணி முழங்கால்தான்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா பொறுப்பாளர் 'இறக்குப்பா, நேரமாகுது'ன்னு சொல்லிட்டார். நான் என்ன செஞ்சிருக்கணும் ஐயா?

தம்பி, இத்தனை கேள்வியிலும் இதுதான் கேள்வி.

முதலில் கண்மாய். ஊர்க்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சின்ன வயதில் குளித்த கண்மாயைச் சொல்கிறார். அதற்கப்புறம் வண்டல் அள்ளியிருப்பார்கள், பொக்லைன் இறங்கியிருக்கும். எங்கள் பள்ளிக்குப் பக்கத்துக் கண்மாயில் ஒரு மூங்கில் கழியில் அடிக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நானே இறங்கிப் பார்த்தேன். கயிற்று நுனி கரையில் இரண்டு பேர் கையில். இரண்டடி, இரண்டடி, இரண்டரை, அடுத்த குத்தில் கழி ஏழாவது கோடு வரை போய்விட்டது. மேலே தண்ணீர் ஒரே செம்மண் நிறம். குழி இருப்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. விளிம்பு படி மாதிரி செங்குத்து, கால் வைத்தால் வழுக்கு. அன்றைக்கே நாலு கம்பு நட்டு, இந்தப் பக்கம் மட்டும்தான் என்று கயிறு கட்டினோம். தண்ணீர் திறந்துவிடும் மடைப் பக்கமும், நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கமும் எந்த மாதத்திலும் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் கழி மறுபடி இறங்கும்.

இறங்குகிற நாளில் ஒரு ஆள் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. கரையில் நின்று தலை எண்ணுவது ஒன்றே அவர் வேலை. போன் கையில் இருக்கக் கூடாது, போட்டோ எடுப்பவர் வேறு ஆள். முழுகுகிற பிள்ளை சினிமாவில் மாதிரி கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். அவர் பக்கத்தில் மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், கேன் கழுத்தில் கயிறு கட்டி. அதைத்தான் வீச வேண்டும். காப்பாற்றக் குதித்து இரண்டாவது ஆளும் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் 5 தடவை வாயோடு வாய் வைத்து ஊதி, அப்புறம் நெஞ்சில் 30 அழுத்து, 2 ஊது என்று 108 வரும்வரை விடாமல். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையை வைத்துப் பழகியே ஆக வேண்டும்.

இனி உன் பொறுப்பாளர். எனக்கு 24 வயதில், ஒரு ஆலையில், சுமை தூக்கும் கம்பிவடத்தில் இழை பிரிந்திருந்ததைப் பார்த்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன். 'இந்த ஷிப்டு தாங்கும்' என்றார். அவருக்கு 20 வருஷ சர்வீஸ், எனக்கு நாலு மாதம். வாயை மூடிக்கொண்டேன். கீழே நின்றவருக்கு அன்று மாலை இரண்டு விரல் போனது. மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் வந்து போய்விட்டது. என் மேல் வந்தது போகவில்லை.

அதனால் எங்கள் பள்ளியில் நான் கேட்டு வாங்கிய ஒரே சலுகை இது. நேற்றுச் சேர்ந்தவர் 'நிறுத்து' என்று சொன்னாலும் எல்லாம் நிற்கும். ஏன் என்று கேட்பது கரையேறிய பிறகு. முதலாளியே நின்றாலும் அதே இடத்தில் மாற்றிச் சொல்லக் கூடாது. சும்மா சொன்னதற்குக் கோபிக்கவும் கூடாது. இதை நியமனக் கடிதத்திலேயே அடித்துக் கொடுக்கச் சொன்னேன். உன் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா பார். இல்லையென்றால் இந்தப் பதிலைக் காட்டிக் கேள். உடனடி ஆபத்து தெரிந்தால் முதலாளியிடம் நேரே சொல்லும் உரிமையைச் சட்டமும் உனக்குக் கொடுத்திருக்கிறது.

சமையல் செய்யும் அம்மா, பள்ளத்தூர்: கீத்துக் கொட்டகையில விறகு வெச்சுத்தான் சமைக்கிறேன். பக்கத்துலயே பிள்ளைக படிக்கிற கொட்டகை. தீப்பிடிச்சா என்னையத்தான் கேப்பாகளா?

கேட்க வேண்டியது கொட்டகை போட்டவரை, அம்மா. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். அதற்கப்புறமும் அடுப்புக்குப் பக்கத்தில் கீற்றுக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள் என்றால் எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அடுப்பு ஓட்டுக் கூரைக்கோ தகரத்துக்கோ தள்ளிப் போக வேண்டும், வகுப்புக்குக் கீற்றே வேண்டாம். உங்கள் பங்கு, வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைப்பது, முந்தானையைச் செருகிக்கொள்வது, இதை முதலாளியிடம் நாலு பேர் முன்னால் சொல்வது.

ஒரு தாயார், காரைக்குடி: ராத்திரி பிள்ளைங்க வளவு வீட்டுப் பட்டாலைத் தரையில பாய் விரிச்சுப் படுப்பாங்களாம். பாம்பு பயமா இருக்கு.

பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரி வரும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குது, முழுங்க முடியவில்லை என்றால் பல் தடம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். கட்டில், இல்லையென்றால் பாய்க்கடியில் நன்றாகச் செருகிய கொசுவலை. வெளியே போக டார்ச். கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போ. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதைப் பள்ளி முகாமுக்கு முந்தின நாள் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பயிற்றுநர், பொன்னமராவதி: ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் சம்பளத்துல பிடிக்கிறாங்க.

பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக்காகத் தருகிற எதற்கும் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

காவலர், திருமயம் பக்கம்: வளாகத்துப் பனையில கதண்டுக் குளவி கூடு. நானே கொளுத்திரவா?

வேண்டாம் அண்ணே, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து எடுப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டி மறியுங்கள். பையன்கள் கல்லெறிவார்கள், அதற்குத்தான் கயிறு. நிறைய கொட்டு வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சிறுநீரகத்துக்கு வந்த பாதிப்பு பிறகுதான் தெரியும்.

மறுபடி கானாடுகாத்தான்: விபத்துப் பதிவேடு வைத்திருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை, காலியாகக் கிடக்கிறது. என்னத்தை எழுத?

நடக்கப் பார்த்ததை எழுதுங்கள். எங்கள் பள்ளியில் நாற்பது பக்க நோட்டு, அட்டையில் 'தப்பிச்சது' என்று சமையல் அம்மா எழுதிக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட வேண்டாம். முதல் பதிவு: 'முற்றத்து ஆத்தங்குடிக் கல்லில் மழைத்தண்ணி. ரெண்டு பேர் வழுக்கிட்டாங்க, விழலை. சாக்கு போட்டாச்சு.' மறுநாள்: 'சாக்கு தடுக்கி ஒரு பையன் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு.' மூன்றாம் நாள் என் கையெழுத்து: சாக்கை எடுத்தாயிற்று, மழை பெய்தால் எல்லோரும் இரண்டாம்கட்டு வழியாகப் போக வேண்டும்.