காட்டுக்குக் கைடு, சதுப்புக்கு மகன்

வணக்கம்.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் கைடுடன் நீங்கள் போய்வந்த பறவைப் பயணம் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். வினிப்பெக்கில் வேலை பார்க்கும் என் மகன் அதைப் படித்துவிட்டு, வரும் ஜூனில் அதேபோல் ஒரு வாரப் பயணத்துக்கு எனக்குப் பணம் கட்டப்போவதாகச் சொல்கிறான். முதல் பாதி வடக்குக் காடு, இரண்டாம் பாதி புல்வெளிச் சதுப்புகள்.

நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். சிங்காநல்லூர் குளக்கரையில் பல வருஷமாகத் தனியாகத்தான் பறவை பார்க்கிறேன். பெயர் தெரியாத பறவை என்றால் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டி நானே கண்டுபிடிப்பேன். அதில்தான் எனக்கு ருசி. காசு கொடுத்து, பத்துப் பேரோடு வேனில் ஏறி, கைடு விரல் நீட்டும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புவது பந்தியில் உட்கார்ந்து இலையில் விழுவதைச் சாப்பிடுவதுபோல் இருக்காதா? போகலாமா, வேண்டாமா?

கே.எஸ்., கோவை

அன்புள்ள கே.எஸ்.,

போங்கள். ஆனால் மகன் பார்த்து வைத்திருக்கும் பயணத்தில் முதல் பாதிக்கு மட்டும் பணம் கட்டச் சொல்லுங்கள்.

குளக்கரையில் பழகியவர்களுக்குக் கண்தான் பிரதானம். தண்ணீர் திறந்து கிடக்கும், பறவை உட்கார்ந்திருக்கும், நாம் நிதானமாகப் பார்க்கலாம். ஜூன் மாத வடக்குக் காட்டில் இது செல்லாது. வினிப்பெக்கிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் இருக்கும் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீட்டர். ஸ்ப்ரூஸ் மரங்களும் ஆஸ்பென் மரங்களும் அடர்ந்து நிற்கும், இலையும் முழுக்க வந்திருக்கும். நீங்கள் தேடிப் போகிற வார்ப்ளர் குருவி பத்து கிராம் சொச்சம் எடை. அது மர உச்சியில் இலைக்குப் பின்னால் இருக்கும். கழுத்து வலிதான் மிச்சமாகும்.

எங்கள் கைடு மேலே பார்த்து நடக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நடப்பார், சட்டென்று நிற்பார், மூன்று பெயர் சொல்வார். அப்புறம் எங்களைக் கேட்கச் சொல்வார். முதலில் எல்லாம் ஒரே கீச்சொலிக் கூட்டம்தான். "டீச்சர் டீச்சர் டீச்சர்" என்று போகப்போகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது ஓவன்பேர்ட். அதைப் பிடித்துக்கொண்டால் அதன் அடியில் ஓடும் இன்னொரு குரல் தனியாகக் கேட்கத் தொடங்கும். சாலையோரத்தில் மெலிதாக விசிலடிப்பது வெண்தொண்டைச் சிட்டு. அதன் பழைய பாட்டு மூன்று மூன்று சுரமாக முடியும். மேற்குக் கனடாவில் கிளம்பிய ஒரு புதுப் பாட்டு இரண்டிரண்டாக முடிகிறது. அது கிழக்கே ஒன்டாரியோ வரை பரவிப் பழையதை ஓரங்கட்டிவிட்டது என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் கைடு இதைச் சொல்லிவிட்டு, அடுத்த சிட்டு எப்படி முடிக்கிறது என்று எண்ணச் சொன்னார். நீங்களாகப் புத்தகத்தைப் புரட்டினால் பெயர் கிடைக்கும், இது கிடைக்காது.

போனில் மெர்லின் செயலி இருக்கிறதே என்று மகன் சொல்லலாம். 2021 முதல் அது குரல் கேட்டே பெயர் சொல்கிறது, நல்ல கருவிதான். ஆனால் விடியற்காலையில் பத்துக் குரல் ஒன்றாக வரும்போது, எது பக்கத்தில், எது தூரத்தில், எந்தக் குரல் ஏன் திடீரென்று நின்றது என்பதை அது சொல்லாது.

பந்தி, இலை என்று எழுதியிருந்தீர்கள். காட்டில் இலையில் ஒன்றும் வந்து விழாது. கனெக்டிகட் வார்ப்ளர் என்று ஒன்று. பாசி படர்ந்த ஈரக்காட்டில் தரையில் நடக்கிற கூச்சக்காரக் குருவி. அதன் குரலை நாங்கள் தெளிவாகக் கேட்டோம், பார்க்கவில்லை. போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். கைடு மறுத்துவிட்டார். கூடு கட்டும் பருவத்தில் ஆண் குருவிக்கு அந்தக் குரல் என்றால் எதிரி வந்துவிட்டான் என்று அர்த்தம். இரை தேடுவதை விட்டுவிட்டு விரட்ட வரும். கேட்டவர் மதியம் வரை யாரோடும் பேசவில்லை. எனக்கோ அன்றுதான் அந்தக் கைடுமேல் மரியாதை வந்தது. முன்பதிவுக்கு முன் மகனை இதைக் கேட்கச் சொல்லுங்கள்: குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பீர்களா? "கண்டிப்பாகக் காட்டிவிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெரிய சாம்பல் ஆந்தையும் அப்படித்தான். 1987 முதல் அது மானிடோபாவின் மாகாணப் பறவை. ராபர்ட் நீரோ என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அதன் பின்னாலேயே அலைந்து, அதற்குக் கூடு மேடைகள்கூடக் கட்டிவைத்தார். வட அமெரிக்காவிலேயே மிக உயரமான ஆந்தை இதுதான், ஆனால் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், மீதியெல்லாம் இறகு. பனிக்கடியில் ஓடும் எலியைக் காதாலேயே கண்டுபிடித்துப் பாய்ந்து பிடிக்கும். கூடு இருக்கும் இடம் எங்கள் கைடுக்குத் தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசி வரை சொல்லவில்லை. சாலையிலிருந்து தெரிந்த ஒரு ஆந்தையோடு சரி.

அவர் சொன்ன ஒன்று பறவை சம்பந்தப்பட்டதே இல்லை. பூங்காவின் கிளியர் ஏரிக்கரையில் கீசிகூவெனின் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். பூங்கா வந்தபின் 1936-இல் அவர்களை வெளியேற்றி வீடுகளை எரித்தார்கள். அந்த நிலம் அவர்கள் கைக்குத் திரும்பியது 1994-இலும் 2004-இலும்தான். ஏரிக்கரையில் நின்றுகொண்டு இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. சுற்றுலா மடிப்பேட்டை மட்டும் படித்தால் அங்கே ஐஸ்கிரீம் கடை எங்கே என்பதுதான் தெரியும்.

சரி, இரண்டாம் பாதி. சதுப்புக்கு உங்களுக்குக் கைடு தேவையே இல்லை. அங்கே நீங்கள்தான் ராஜா, சிங்காநல்லூர் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள்தான் இந்தப் புல்வெளிக் குட்டைகள். கனடாவில் மூன்று மாகாணங்கள், அமெரிக்காவில் ஐந்து மாநிலங்கள் வரை பரந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆற்றுத் தொடர்பு கிடையாது. உருகும் பனியும் மழையும்தான் வரத்து. சில குட்டைகள் ஜூலைக்குள் வற்றிவிடும், அந்தச் சின்னக் குட்டைகள்தான் முக்கியம். ஆழம் குறைவு என்பதால் வசந்தத்தில் முதலில் சூடேறும், புழு பூச்சிகள் முதலில் பெருகும். முட்டையிடப்போகும் பெண் வாத்துக்கு அந்தப் புரதம் வேண்டும். உழவுக்கு இடைஞ்சல் என்று விவசாயி முதலில் வடிப்பதும் அதைத்தான்.

வினிப்பெக்கிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் ஓக் ஹாம்மக் மார்ஷ். ஒரு காலத்தில் சுமார் 470 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து வயலாக்கிவிட்டார்கள். பிறகு 1970-களில் கரை கட்டித் தண்ணீர் தேக்கி மீட்டது 36 சதுர கிலோமீட்டர். கரைமேல் நடந்தாலே போதும். பனிக்காலத்தில் நம்மூர்க் குளங்களில் பார்க்கும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அங்கேயும் இருக்கும். நம்மிடம் வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருகிற கூட்டம், இவை வேறு. ஆனால் இங்கே குளிர்காய வரும் விருந்தாளியாகப் பார்த்த வாத்தை அங்கே குஞ்சுகளோடு வீட்டுக்காரராகப் பார்ப்பது தனி அனுபவம். டெல்டா மார்ஷுக்கும் போங்கள். மேற்கத்திய முக்குளிப்பான் ஜோடி நீர்மேல் எழுந்து நின்று சேர்ந்து ஓடுவதைக் காண வாய்ப்புண்டு. வில்சன் ஃபலரோப் என்ற சின்னக் கரைப்பறவை சேற்றோரம் பம்பரம்போல் சுற்றும். அதில் பெண்ணுக்குத்தான் பளிச்சென்ற நிறம், அடைகாப்பது ஆண்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாத்துகள் இவ்வளவு இருப்பதற்குப் பெரிய காரணம் துப்பாக்கிக்காரர்கள். 1930-களின் வறட்சியில் வாத்து அருகியபோது அமெரிக்க வேட்டைக்காரர்கள் பணம் திரட்டினார்கள். 1937-இல் டக்ஸ் அன்லிமிடெட் என்ற சதுப்புப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. கனடாவில் அதன் முதல் வேலை மானிடோபாவின் பிக் கிராஸ் மார்ஷில், 1938-இல். வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு, புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் போய்விட்டதாகச் சொல்கிறது. அதே காலத்தில் நீர்ப்பறவைகள் கூடியிருக்கின்றன. சுடுவதற்கு ஆள் இருந்த பறவைக்குக் குட்டை கிடைத்தது. மணிக்கணக்கில் வானத்தில் நின்று பாடும் ஸ்ப்ரேக் நெட்டைக்காலியைச் சுட யாருமில்லை, அதன் புல்வெளிக்காக யாரும் அதிகம் செலவழிக்கவும் இல்லை. பைனாகுலர் மாட்டிய நாம் வேட்டைக்காரர்களைவிட ஒழுக்கசாலிகள் என்று நான் நம்பியிருந்தேன். கணக்கைப் பார்த்தால் நம் பங்கு சொற்பம்.

சதுப்பில் ஒரே ஒரு விதிவிலக்கு, ஓர் இரவு. பிராண்டன் நகருக்குக் கிழக்கே டக்ளஸ் மார்ஷ். மஞ்சள் கானாங்கோழி அங்கே புல்லுக்குள் இருக்கும். இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல் டிக்-டிக், டிக்-டிக்-டிக் என்று இருட்டில் கூப்பிடும். சாலையை விட்டு இறங்காமல் நின்று கேட்க வேண்டும். நின்ற நேரமெல்லாம் கொசு எங்களைத் தின்றது. அதற்கு மட்டும் இடம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சதுப்பு நாள்களில் மகனே காரோட்டட்டும். பாவம், அவனும் உங்களோடு நாலு நாள் இருந்தாற்போல் ஆயிற்று.

உண்ணி அதிகம், பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஜூனில் ஐந்தரைக்குள் விடிந்துவிடும், நாலு மணிக்கே எழுப்புவார்கள். தேதியை ஜூலைக்கு மட்டும் தள்ளாதீர்கள். ஜூலை நடுவில் காட்டில் பாட்டு அடங்கிவிடும், ஆண் வாத்துகளும் இறகு உதிர்த்துப் பெட்டையைப்போல் மங்கிப் புல்லுக்குள் பதுங்கிவிடும்.