கேஸ் மாத்திரைய சாப்பிட்ட பிறகு போடலாமா?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 62 வயசு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் கூடவே கேஸ் மாத்திரைன்னு பான்டோபிரசோல் 40-ம் எழுதிக் குடுத்திருக்காங்க. அப்பா ரெண்டையும் சாப்பிட்டு முடிச்சு ஒண்ணா போட்டுக்கறார், ஆனாலும் நெஞ்செரிச்சல் நிக்கல. ஜெலுசில் குடிச்சா உடனே அடங்குது. மாத்திரை சரியில்லையா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: மாத்திரை நல்ல மாத்திரைதாம்மா, போடற நேரம்தான் தப்பு. எல்லாரும் கேஸ் மாத்திரைன்னு சொல்றோம், ஆனா இது கேஸ எடுக்கற மருந்தே இல்ல, ஆசிட் சுரக்கறத குறைக்கற மருந்து. இரைப்பைச் சுவர்ல புரோட்டான் பம்ப்னு ஒரு புரதம் இருக்கு, ஆசிட்ட வெளிய தள்றது அதுதான், சாப்பாடு வரும்போதுதான் அது மும்முரமா ஓடும், ஓடற பம்ப்பத்தான் இந்த மருந்தால பூட்ட முடியும். மாத்திரை குடல்ல கரைஞ்சு ரத்தம் வழியா அங்க போய்ச் சேரணும் இல்லையா, அதுக்குத்தான் காலைல சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போடச் சொல்றோம். உடைச்சுப் போடாதீங்க, மேல இருக்கற பூச்சுதான் ஆசிட்டுலேர்ந்து மருந்தக் காப்பாத்துது. ஒரு தடவ பூட்டின பம்ப்புக்குப் பதிலா பெரும்பாலும் புதுசுதான் உருவாகி வரணும், அதனாலதான் மருந்து சில மணி நேரத்துல ரத்தத்த விட்டுப் போயிட்டாலும் பலன் நாள் முழுக்க நிக்குது. முழுசா தெரிய மூணு நாலு நாள் ஆகும்.

ஜெலுசில் ஏற்கனவே சுரந்த ஆசிட்ட முறிக்குது, அவ்ளோதான், அதனால சீக்கிரம் கேக்கும், சீக்கிரமே விட்டுடும்.

எனக்குக் கவலை அந்த வலி மாத்திரை மேலதான். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். வலியும் வீக்கமும் உண்டாக்கற புராஸ்டாகிளான்டின்ங்கற ரசாயனத்த உடம்புல தயாராக விடாம தடுக்குது, 1971-ல ஜான் வேன்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி இத எடுத்துச் சொன்னார், 1982-ல அவருக்கு நோபல் பரிசும் வந்துது. ஆனா வயித்துச் சுவர்மேல வழவழப்பான பூச்சு சுரக்கவும் அதே புராஸ்டாகிளான்டின்தான் வேணும், அது குறைஞ்சா ஆசிட் நேரா சுவர அரிக்கும், ஊசியா போட்டாலும் இதே கததான். கிட்னியையும் பிபியையும்கூட பாதிக்கலாம். அதனால வலி மாத்திரைய சாப்பிட்ட பிறகே போடட்டும், எத்தன நாளைக்குன்னு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க, கடைல தானா வாங்கித் தொடர வேணாம்.

மலம் தார் மாதிரி கறுப்பா போனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எரிச்சலோட வேர்த்துக் கொட்டி, இடது கையோ தாடையோ வலிச்சா கேஸ்னு நினைச்சு ஜெலுசில் குடுத்துட்டு உக்காந்திருக்காதீங்கம்மா, 108-க்கு போன் பண்ணுங்க, முதல்ல ஈசிஜி எடுக்கணும்.