பயிர்ச்சேதத்தை வைத்துக் காட்டுப்பன்றிகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியுமா?

முடியாது. குடியாத்தம், ஒடுகத்தூர் பக்கம் காய் பிடித்த மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையை ஒரு சிறு கூட்டமே ராத்திரியோடு கிளறிப்போட்டுவிடும். சேதம் பசியைக் காட்டும், தலைக்கணக்கைக் காட்டாது.

முதலில் தடம் பாருங்கள். இரண்டு குளம்புகளுக்குப் பின்னால், சற்று வெளிப்புறமாக இரண்டு சிறு குழிகள் பதிந்திருந்தால் பன்றி. மானுக்கு இவை கெட்டித் தரையில் அநேகமாகப் பதியாது.

எண்ணிக்கைக்கு, விலங்கு முன்னால் வந்தால் தானே படம் எடுக்கும் தானியங்கி கேமரா நல்ல வழி. புலிக்கு வரி இருப்பதுபோல் பன்றிக்குத் தனி அடையாளம் இல்லாததால், சந்திப்பு விகிதத்தில் கணக்கிடலாம். ஒரு கூட்டம் ஒருமுறை கேமரா முன் வந்துபோவது ஒரு சந்திப்பு; கேமராக்களை நாட்களால் பெருக்கினால் கேமரா நாட்கள்:

கூட்ட அடர்த்தி = (சந்திப்புகள் ÷ கேமரா நாட்கள்) × 3.14 ÷ [ஒரு நாள் நடைதூரம் × கேமரா எட்டும் தூரம் × (2 + பார்வைக் கோணம்)]

தூரங்கள் கிலோமீட்டரில், கோணம் ரேடியனில் (பாகை × 3.14 ÷ 180). உதாரணமாக 20 கேமரா, 30 நாள், 60 சந்திப்பு, நடை 6 கி.மீ., எட்டும் தூரம் 0.01, கோணம் 0.7 என்றால் சதுர கி.மீ.க்குச் சுமார் 1.9 கூட்டம். இதைச் சராசரிக் கூட்ட அளவால் பெருக்குங்கள். தனியாகத் திரியும் ஆணும் ஒரு கூட்டமே.

கணக்கு கெடுவது பெரும்பாலும் கேமரா வைக்கும் இடத்தில்தான். பன்றி நுழையும் வேலிச் சந்து, ஓடைத்தடம், இரை போட்ட இடம் என்று தேடி வைத்தால் எண்ணிக்கை வீங்கிவிடும். வரைபடத்தில் கட்டம் போட்டு, புள்ளி விழுந்த இடத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். புதர் மறைத்தால் எட்டும் தூரம் குறையும். அங்கேயே நடந்து பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

அறுவடைக்கு முன்பும் பின்பும் தனித்தனியாக எடுங்கள். விளைச்சல் நேரத்தில் காப்புக்காட்டுப் பன்றியும் கொல்லைக்கு இறங்கியிருக்கும்.