டயரில் காற்று குறைவதற்கும் மைலேஜ், டயர் வெடிப்பு ஆகியவற்றுக்கும் என்ன தொடர்பு?

டயருக்குள் அடைபட்ட காற்று அதன் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதுதான் காற்றழுத்தம். மீட்டரில் பிஎஸ்ஐ என்று காட்டுவது இதைத்தான். வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது இந்தக் காற்றே, ரப்பர் அல்ல.

காற்று குறைந்தால் டயர் தரையில் சப்பையாக அமுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வேகமாக வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அப்படித்தான் டயரும் சூடாகிறது. அந்தச் சூடு நீங்கள் போட்ட பெட்ரோலிலிருந்து வந்தது. மைலேஜ் அங்கேதான் போகிறது. நெடுஞ்சாலையில் முழு லோடோடு வேகமாக நெடுந்தூரம் போனால் சூடு ஏறிக்கொண்டே போய், உள்ளடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கலாம். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

டயரைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி மட்டும் என்றால் அதிகம். அதிகமானால் தரையில் பதியும் பரப்பு குறைந்து பிரேக் பிடிமானமும் குறையும்.

காருக்கான சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கும். டயரிலேயே அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. மாதம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது தவறு: ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஸ்டிக்கர் அளவே தரப்படுகிறது, குறைத்தால் டயர் இன்னும் அதிகமாகச் சூடாகும்.